கொப்பியோடு பாறைக்கு வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கும், சுற்றாடல் முன்னோடிக் குழுக்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஆசிரியை இல்லை. படுவான்கரையில் ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். அதற்கு மேல் போக வாய்க்கவில்லை. சில வருசங்களாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை விட்ட சனிக்கிழமைகளிலும், பிறகு மார்ச்சிலும், தாந்தாமலைப் பாறையில் ஏறி உட்கார்ந்து, அந்த வழியாகப் போகிற வருகிற பிராந்து, கழுகு, வல்லூறு எல்லாவற்றையும் எண்ணிக் கொப்பியில் எழுதி வருகிறேன். மகள் கூட வருவாள். சில நாள் பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இரண்டு பேரும் வருவார்கள். அவ்வளவுதான் எங்கள் கூட்டம். இந்த வேலை ஒரு தையல்காரியின் கொப்பியோடு முடிந்துவிடக் கூடாது, உங்கள் கைக்கு வரவேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

என் அப்பா வட்டைக் காவலுக்குப் போனவர். பரணில் இரவெல்லாம் யானைக்கும் பன்றிக்கும் வெளிச்சம் காட்டிவிட்டு, காலையில் நான் கொண்டுபோகும் சோற்றைச் சாப்பிட்டபடியே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாரி தொடங்கும் காலத்தில் ஒரு பிராந்து வரும். மற்றப் பிராந்துகள் போல உயரத்தில் வட்டம் போடாது. வேளாண்மைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில், செட்டை இரண்டையும் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து சரிந்து போகும். அப்பா அதைத் ‘தடவுற பிராந்து’ என்பார். பயிரைக் கையால் தடவிக்கொண்டு போகிற மாதிரி இருக்குமாம். “இது நம்மட ஊருப் பிராந்து இல்ல புள்ள. மழையோட வாறது. வெட்டு முடியப் போயிரும்” என்றார் ஒருநாள்.

அதற்குப் பூனைப்பருந்து என்று புத்தகத்தில் பெயர் இருப்பது எனக்கு எத்தனையோ வருசம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. எப்போது வரும், எப்போது போகும், எந்த வருசம் அதிகம், எந்த வருசம் குறைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் போனபோது அந்தக் கணக்கும் அவரோடு போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு கொப்பியும் பென்சிலும் அன்றைக்கு அந்தப் பரணில் இருந்திருந்தால் போதும்.

பூனைப்பருந்துகளில் சில கசகஸ்தானின் பரந்த புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே இறங்குகிறவை. இந்தியாவில் சில பறவைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தபோது அந்தப் பாதை வரைபடத்தில் தெரிந்தது. பூனைப்பருந்துகளில் ஒரு பகுதி பாக்குநீரிணையையும் தாண்டி நம் பக்கம் வந்து சேர்கிறது. இலங்கைக்குத் தெற்கே அவற்றுக்கு இறங்க நிலம் இல்லை, அந்தாட்டிக்கா வரைக்கும் கடல்தான். மத்திய ஆசியப் பறவைப்பாதையின் கடைசித் தரிப்பிடம் நம்முடைய வட்டையும் வில்லும் களப்பும். இதைத் தரம் எட்டுப் பிள்ளை ஒன்றுக்குப் பாறையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். வயல் பக்கம் திரும்பி அது பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஏன் பாறையில் ஏற வேண்டும், வயல் வரம்பில் நின்று எண்ணக்கூடாதா என்று கேட்பீர்கள். வரம்பிலும் எண்ணலாம். ஆனால் பெரிய பறவைகள் செட்டையடிப்பதை முடிந்தவரை தவிர்க்கும். வெயில் ஏறினதும் பாறையும் வெறும் நிலமும் சூடாகி, அங்கிருந்து காற்று தூண் மாதிரி மேலே எழும். கழுகு அதற்குள் நுழைந்து, வட்டம் போட்டு மேலேறி, உச்சியிலிருந்து அடுத்த தூணுக்குச் சறுக்கிப் போகும். மலைச்சரிவில் மோதி மேலே கிளம்புகிற காற்றும் இதே உதவியைச் செய்யும். கடலுக்கு மேல் இந்தத் தூண்கள் பலமாக எழாது. அதனால்தான் உலகம் முழுக்க வலசை போகும் கழுகுகள் பெரிய கடலைச் சுற்றிக்கொண்டு, மலைத்தொடரோடும் ஒடுங்கிய நிலத்தோடும் நெருங்கிப் போகின்றன. எண்ணுகிறவர்களும் அங்கே போய் உட்காருகிறார்கள்.

ஜோர்ஜியா நாட்டில் பட்டூமி என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் மலை. அந்த இடைவெளியால் இலையுதிர் காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் போகின்றன. 2008 முதல் ஒவ்வொரு வருசமும் அங்கே குன்றுகளில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர்கள் தங்குவது மலைக்கிராமத்து வீடுகளில். அந்த வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு வருமானம். பறவைகள் கூட்டமாகச் சுழன்று மேலேறும்போது எண்ண மாட்டார்கள், குழம்பிவிடும். உச்சியிலிருந்து வரிசையாகச் சறுக்கி வெளியேறும்போதுதான் எண்ணுவார்கள். கையிலே அழுத்தும் எண்ணி ஒன்று வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் பலர் போய் வந்த மலேசியாவின் போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. அங்கே மார்ச் மாதத்தில், சுமாத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டிக் களைத்து வரும் தேன் பருந்துகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகச் சனம் கூடுகிறது.

தாந்தாமலையில் இப்படி ஒரு காட்சி கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். கூட்டத்தோடு போகும் பெரிய கழுகுகளில் பெரும்பாலானவை கடலைத் தாண்டி இந்தத் தீவுக்கு வருவதில்லை. நமக்குக் கிடைப்பவை ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியே வருகிறவை: பூனைப்பருந்து வகைகள், பொரி வல்லூறு, பொடிக்கழுகு, விரால் அடிப்பான். ஒரு காலையில் கொப்பியில் நாலு கோடு விழுந்தால் எங்களுக்கு அது நல்ல நாள்.

ஒரு ஒக்டோபர் காலை. ஏழரைக்கே ஏறிவிட்டோம். கிழக்கே வட்டையில் விதைப்பு முடிந்த ஈரமண், நடுவில் குளத்துத் தண்ணீரின் மினுக்கம், மேற்கே காடு நீலமாகக் கிடந்தது. எட்டரை மணி வரை ஒன்றும் இல்லை. காட்டுக்குள் ஊர்ப் பாம்புப் பருந்து ஒன்று கூப்பிட்டதோடு சரி. பிறகு மகள் கையை நீட்டி, “அம்மா, வெள்ளைக் கொக்கு” என்றாள். நானும் கொக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கொக்கு செட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிந்தது. பைனொக்குலரில் பார்த்தால் சாம்பலில் தோய்த்து எடுத்த வெள்ளை. செட்டை நுனியில் மட்டும் கறுப்பு, ஆப்பு அடித்த மாதிரி. ஆண் வெளிர் பூனைப்பருந்து. எங்களுக்கும் கீழே, பாறையின் அடிவாரத்தை ஒட்டி, புல்லைத் தடவிக்கொண்டு போனது. அதன் முதுகை மேலிருந்து பார்த்தோம். தலையைக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டே பறந்தது, ஊசி தொலைத்தவள் தரையைத் தேடுகிற மாதிரி. ஒருமுறை நின்று, காலை நீட்டி விழுந்தது. எழும்பியபோது நகத்தில் ஏதோ சின்னதாக இருந்தது. பிறகு தெற்கே போய் மறைந்தது. மகள் எழுதினாள்: 8.52, ஒன்று, வடக்கிலிருந்து தெற்கே, வெயில், காற்று மெல்லிது. அப்பா இருந்திருந்தால் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறொரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் எதுவும் வரவில்லை. பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. கொப்பியைத் திறந்து திகதி போட்டுப் பூச்சியம் எழுதச் சொன்னேன். “ஒண்டும் வராததை ஏன் எழுதணும்?” என்று கேட்டாள். சேர், ரீச்சர், உங்களிடம் நான் கேட்பதன் உயிர்நாடியே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. வந்த நாளை மட்டும் எழுதி வைத்தால் அது ஞாபகக் குறிப்பு. வராத நாளையும், எத்தனை நேரம் பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்த வருசத்தோடு ஒப்பிட முடியும். ஒரே இடம், ஒரே காலம், ஒரே நேர அளவு, வருசா வருசம். பாறையில் ஏறி இறங்குவதை விட இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதுதான் கடினம். என் ஒருத்தியால் முடியவில்லை. தீபாவளி நெருங்கினால் தையல் குவிந்துவிடும், இரண்டு சனிக்கிழமை கைவிட்டுப் போகும். பாடசாலைக்கு ஒரு தரம் போனால் அடுத்த தரம் வரும். அங்கே இந்தக் கணக்கு அறுந்துபோகாது.

இப்படி எழுதி வைத்த கொப்பிகள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு மலையின் கதை போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகடு. இலையுதிர் காலத்தில் அதன் வழியாகப் போகும் பருந்துகளை வேட்டைக்காரர் வரிசையாக நின்று சுட்டு விழுத்துவார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கியை நிறுத்தினார். காவலுக்கு வந்த மொரிஸ் புரூன் அங்கே நின்று போகிற பறவைகளை எண்ணத் தொடங்கினார். அது இன்றைக்கும் நடக்கிறது. பிற்காலத்தில் டீ.டீ.ரீ. பூச்சிமருந்து கழுகுகளின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்வி எழுந்தபோது, அந்த மலையின் கொப்பிகளைப் புரட்டினார்கள். இளம் கழுகுகளின் பங்கு வருசத்துக்கு வருசம் சுருங்கி வந்தது அதில் எண்ணாகவே கிடந்தது. ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர், பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றி 1962-இல் வெளியிட்ட புத்தகத்தில் அதைச் சான்றாக எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக அடித்ததும் அதே டீ.டீ.ரீ.தான். எண்ணத் தொடங்கியவருக்கு 1934-இல் டீ.டீ.ரீ. என்ற பெயரே தெரிந்திருக்காது. பக்கத்தில் குஜராத்தில், வேலாவதர் புல்வெளியில் இரவு தங்க வரும் பூனைப்பருந்துகள் பழைய காலத்தை விடக் குறைந்துவிட்டன என்பது தெரியவந்ததும், அந்தியில் அங்கே நின்று வருசக்கணக்காக எண்ணியவர்களால்தான்.

நம் வட்டையில் ஒவ்வொரு போகத்துக்கும் என்னென்ன மருந்து அடிக்கிறோம், எலிக்கு என்ன வைக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். வெட்டுக்கிளியையும் எலியையும் தவளையையும் தின்று வாழ வருகிற ஒரு விருந்தாளிக்கு அதனால் என்ன ஆகிறது என்பதைப் பேச நமக்கென்று சொந்தக் கணக்கு ஒன்று வேண்டும். கொழும்பிலிருந்து யாராவது வந்து எண்ணித் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-இல் தொடங்கியது அது. குளத்திலும் களப்பிலும் நிற்பவை அதில் வரும். ஒக்டோபரில் பாறைக்கு மேலால் போகிறவை அதில் சிக்காது.

இப்போது ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். என் மகள் தன் கொப்பியிலிருந்து ஒரு சின்ன வரைபு தயாரித்து, செயற்றிட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “இது பாடத்தில் இல்லை” என்று திரும்பி வந்தது. உணவுச் சங்கிலி பாடத்தில் இருக்கிறது. காலநிலை இருக்கிறது, சூழற்றொகுதி இருக்கிறது, சராசரியும் வரைபும் கணித பாடத்தில் இருக்கின்றன. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாறைக்கு மேலே பறந்தால் மட்டும் அது பாடத்தில் இல்லையா? அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல வரவில்லை, பரீட்சை நெருக்குதல் எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் கொப்பியை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு இரண்டு வாரம் பாறைக்கு வரவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, செய்வது எப்படி? பெரிய செலவில்லை. தாந்தாமலைக்கு வர முடியாதவர்கள் தங்கள் பக்கத்துப் பாறையைத் தேர்ந்துகொள்ளலாம். கிரான் பக்கத்துப் பாடசாலைகளுக்குக் குடும்பிமலை இருக்கிறது; 500 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் மாரி வெள்ளத்தில் பாதை தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் ஒக்டோபரும் மார்ச்சும்தான் சரிப்படும். திருக்கோவில், கோமாரி, பொத்துவில் பிள்ளைகளுக்குச் சங்கமன்கண்டிப் பக்கம். அங்கே கடலும் களப்பும் கூடவே இருப்பதால் விரால் அடிப்பான் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். கோயில் பாறையென்றால் நிர்வாகத்திடமும், காடென்றால் வனஇலாகாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நேரம் எட்டரையிலிருந்து பத்தரை. அதற்கு முன் காற்று எழும்பாது, பின்னால் பிள்ளைகள் வெயிலில் வாடிவிடுவார்கள். நான்கு பேர் நான்கு திசை பார்க்க வேண்டும், ஐந்தாவது ஆள் எழுத வேண்டும். எழுதுகிறவர் வானத்தைப் பார்க்கக் கூடாது. நாங்கள் பலமுறை பிழை விட்டது இந்த இடத்தில்தான்.

இனத்தைப் பிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு. எனக்குத் தையல் கைகொடுத்தது. துணியில் முதலில் வெட்டைத்தான் பார்ப்போம், நிறமும் பூவும் பிறகு. செட்டை கூர்மையாக அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் வல்லூறுக் கூட்டம். இரண்டு செட்டையும் மேல்நோக்கி விரிந்த கத்தரிக்கோல் போல நின்றால் பூனைப்பருந்து. முழங்கை மடித்தது போல் நடுவில் உடைந்து தெரிந்தால், வயிறும் வெள்ளையாக இருந்தால், விரால் அடிப்பான். பெரிய உடம்பில் புறாவின் தலையை ஒட்டவைத்த மாதிரி இருந்தால் தேன் பருந்து. பொடிக்கழுகு நேரே உங்களை நோக்கி வரும்போது தோளில் இரண்டு வெள்ளைப் பொட்டுத் தெரியும், பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள் மாதிரி.

பெண் பூனைப்பருந்துகளில் இரண்டு இனத்துக்கு ஒரே மண்ணிறம், வாலடியில் ஒரே வெள்ளைப் பட்டி. தூரத்தில் பிரித்தறிவது கெட்டிக்காரருக்கும் சிரமம். அப்போது ‘பூனைப்பருந்து, இனம் தெரியாது’ என்றே எழுதுங்கள். பட்டூமியிலும் அப்படி எழுதுகிறார்கள். பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதாவது ஒரு பெயரை எழுதிவிடுவார்கள், அதை விடக் கூடாது. ‘தெரியாது’ என்று எழுதத் தைரியம் வரவேண்டும்.

ஊர்ப் பறவைகளுக்கு வேறு பக்கம். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் பாம்புப் பருந்தும் இங்கேயே இருப்பவை. ஒரே செம்பருந்து பத்துமுறை தலைக்கு மேல் சுற்றினால் பத்து செம்பருந்து ஆகிவிடாது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதை எழுதினால் போதும். கோயில் கும்பாபிசேகத்தில் கருடன் வட்டமிட்டால் கையெடுத்துக் கும்பிடுகிற சனம் நாங்கள். அந்தப் பக்தியில் கொஞ்சம் மற்றப் பிராந்துகளுக்கும் கிடைக்க வேண்டும். கோழிக்குஞ்சு பிடிக்கும் என்று கெட்டப்போலால் அடிபட்டு விழுவது பெரும்பாலும் குஞ்சுப் பக்கமே போகாத பறவை. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதை விட, ஒரு பறவையை அவர்களே எண்ணி எழுதினால் பிறகு கெட்டப்போல் கைக்கு வராது. இதை நான் பக்கத்து வீட்டுப் பொடியன்களில் கண்ணால் கண்டேன்.

இந்தியாவின் நாகாலாந்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 2012-இல் டோயாங் நீர்த்தேக்கத்தில் வலைகட்டி ஆயிரமாயிரமாய் அமூர் வல்லூறுகளைப் பிடித்து விற்றார்கள். 150 கிராம் அளவே நிறையுள்ள பறவை அது. இந்தியாவையும் அரபிக்கடலையும் தாண்டி ஆபிரிக்காவுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கும். அடுத்த வருசம் பங்டி கிராமத்தார் உட்பட அந்த மக்களே வலையைக் கைவிட்டார்கள், ஒன்றும் கொல்லப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கழகம் அமைத்துப் பறவையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அந்த மாற்றத்தில் ஒரு பெரிய பங்கு. அந்த 2013-இல் செய்மதிக் கருவி பொருத்திய பறவைகளில் ஒன்றுக்குப் பங்டி என்றே பெயர் வைத்தார்கள்.

சனிக்கிழமை ரியூசன் இருக்கிறது என்பீர்கள். பருவத்துக்கு நாலு சனிக்கிழமை கேட்கிறேன், அதற்கு மேல் இல்லை. யானைப் பயம் இருக்கிறது, உண்மைதான். அதனால்தான் அந்திப் பொழுதைக் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு முன் எல்லோரும் தார்வீதிக்கு வந்துவிடலாம். அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையொப்பம், வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம், இவை உங்கள் பக்கத்து வேலை. சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளுக்கு இதை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வரும் ஒக்டோபரின் முதலாவது சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தாந்தாமலை முருகன் கோயில் முன்றலில் இருப்பேன். மழையென்றால் அடுத்த சனிக்கிழமை. பைனொக்குலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வைக்கச் சொல்லுங்கள், குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும். கொப்பி கோடு போட்டதாக இருந்தால் நல்லது. முதல் பக்கத்தில் திகதி, தொடங்கிய நேரம், காற்று, முகில் என்று எழுதிவிட்டுத்தான் மேலே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தையல்காரி